தவறான நிலையத்தில் இறங்கிய விமானங்கள்

நமது இதழில் வரி, உரிமம், எடைக்கல் முத்திரை, சரக்கு நிலவரம் என்று மாதாமாதம் படித்து வருகிறோம். இம்மாதம் ஆகாய விமானத்தைப் பற்றி எழுத முற்பட்டிருக்கிறேன். மளிகைக் கடைக்கும் விமானத்திற்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். போக வேண்டிய விமான நிலையத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் வேறொரு நிலையத்தில் விமானத்தைக் கொண்டுபோய் இறக்கிவிட்ட சம்பவங்கள் உலகத்தில் பல நடந்திருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், தவறு நடந்த விதம் நம் கடை வாசலில் லாரி வந்து நின்று சரக்கு இறங்கும்போது நடப்பது போலவே இருக்கிறது. அங்கே நூறு, இருநூறு பேருடைய உயிர் சம்பந்தப்பட்டது. இங்கே நம்முடைய முதல் சம்பந்தப்பட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜூஹுவில் இறங்கிய ஜப்பான் விமானம்

நம் நாட்டிலேயே நடந்ததை முதலில் சொல்கிறேன். 1972 செப்டம்பர் 24ந் தேதி. லண்டனிலிருந்து டோக்கியோவுக்குப் பல ஊர்களில் நின்று நின்று செல்லும் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று காலை நேரத்தில் பம்பாயை (இன்றைய மும்பை) நெருங்கியது. டி.சி. 8 என்ற நான்கு எஞ்சின் ஜெட் விமானம். பயணிகளும் ஊழியர்களுமாக 122 பேர். இறங்க வேண்டிய இடம் சாந்தா குரூஸ் விமான நிலையம். இறங்கிய இடமோ ஜூஹு.

ஜூஹு சாதாரண இடமல்ல. 1928ல் தொடங்கப்பட்ட பழைய விமானத்தளம் அது. 1932 அக்டோபர் 15ல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் பைகளை ஏற்றிக்கொண்டு சிறிய விமானத்தைத் தாமே ஓட்டிவந்து இறங்கியது இங்கேதான். அங்கிருந்து அந்தத் தபாலை நெவில் வின்சென்ட் என்ற விமானி பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். ஆக, சென்னைக்கு வந்த முதல் டாட்டா விமானத் தபாலில் ஜூஹுவுக்கும் பங்கு உண்டு. ஆனால் ஜெட் விமானங்கள் வந்த காலத்தில் அதன் ஓடுபாதை போதவில்லை. அதன் நீளம் சுமார் 3,750 அடி. சாந்தா குரூஸில் இருந்ததோ அதைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு. இப்போது ஜூஹுவிலிருந்து பெரும்பாலும் ஹெலிகாப்டர்கள்தான் பறக்கின்றன.

இரண்டு தளங்களும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. ஜூஹு கடற்கரை ஓரம். சாந்தா குரூஸ் அதற்கு நேர் கிழக்கே சற்று உள்ளே. இரண்டின் ஓடுபாதையும் ஏறத்தாழ ஒரே திசையில் கிழக்கு மேற்காகக் கிடக்கின்றன. கடல் பக்கமிருந்து கிழக்கு நோக்கி இறங்கும் விமானியின் கண்ணில் முதலில் படுவது ஜூஹுதான். அந்த ஜப்பானிய விமானியும் கண்ணில் பட்ட பாதையில் இறக்கினார். பெரிய விமானம், சின்னப் பாதை. பாதையின் முனையைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை. 11 பேருக்குக் காயம். விமானம் மட்டும் இனிப் பழுது பார்த்துப் பயனில்லை என்று கழிக்கப்பட்டுவிட்டது.

இதில் யோசிக்க வேண்டிய ஒன்று. இதே இடத்தில் இதே தவறு 19 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முறை நடந்திருந்தது. 1953 ஜூலையில் பிரிட்டிஷ் கம்பெனியான பி.ஓ.ஏ.சி.யின் காமெட் விமானம் சாந்தா குரூஸ் என்று எண்ணி ஜூஹுவில் இறங்கியது. அன்று விமானத்துக்குச் சேதமில்லை. 9 நாட்கள் கழித்து அது அங்கிருந்து பறந்து சென்றது. சேதமில்லாமல் போன தவற்றை யாரும் அதிக நாள் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. நம் தொழிலிலும் இப்படித்தான். எடையில் இரண்டு கிலோ குறைந்து, அதைக் கண்டுபிடித்துச் சரி செய்துவிட்டால் அந்த விஷயம் அத்தோடு மறந்துவிடும். இரண்டு மூட்டை குறைந்தால்தான் தராசைப் பார்ப்போம்.

ஓடுபாதைக்குப் போடும் எண்

மேற்கொண்டு சொல்வதற்கு முன் ஒரு விவரம். எல்லா ஓடுபாதைக்கும் ஓர் எண் உண்டு. இது கதவிலக்கம் போல வரிசையாகக் கொடுப்பதல்ல. திசைகாட்டும் கருவியில் அந்தப் பாதை எத்தனை டிகிரியைப் பார்த்துக் கிடக்கிறதோ, அதை அருகிலுள்ள பத்தின் மடங்குக்கு முழுமையாக்கி, கடைசி இலக்கத்தை எடுத்துவிட்டால் கிடைப்பது. 90 டிகிரி, அதாவது நேர் கிழக்கு என்றால் 09. நேர் தெற்கு என்றால் 180 டிகிரி, ஆகவே 18. பம்பாயில் ஜப்பான் விமானம் இறங்க வேண்டிய பாதை 09. ஜூஹுவில் உள்ளது 08. இரண்டு கடைகளின் பெயர்ப்பலகையில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருப்பதைப் போன்றது இது. விமானத்தில் திசைகாட்டி தவறாகக் காட்டவில்லை. காட்டிய திசையும் எதிர்பார்த்த திசையும் ஒத்துப்போயின. அதனால்தான் சந்தேகம் வரவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். இப்படிப்பட்ட பல சம்பவங்களில், தவறாக இறங்கிய தளம் சரியான தளத்துக்கு முன்னாலேயே, விமானம் வரும் வழியிலேயே இருக்கிறது. தேடிக்கொண்டு வருபவன் கண்ணில் முதலில் பட்டதே தேடிய பொருள் என்று மனம் சொல்லிவிடுகிறது. அதற்கப்புறம் இரண்டாவதைத் தேட வேண்டிய எண்ணமே எழுவதில்லை.

அமெரிக்காவில் மூன்று சம்பவங்கள்

இதெல்லாம் பழைய காலத்துக் கதை, இப்போது கம்ப்யூட்டரும் செயற்கைக்கோளும் வந்துவிட்டன, இனி நடக்காது என்று நினைக்கக் கூடாது. 2012 ஜூலைக்கும் 2014 ஜனவரிக்கும் இடையில், ஒன்றரை வருடத்தில், அமெரிக்காவில் மட்டும் மூன்று பெரிய விமானங்கள் இப்படி இறங்கின.

முதலாவது ராணுவ விமானம். 2012 ஜூலை 20, பட்டப்பகல். சி 17 என்ற மிகப்பெரிய சரக்கு விமானம் புளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில் உள்ள மக்டில் விமானப்படைத் தளத்துக்கு வந்துகொண்டிருந்தது. மக்டில் ஓடுபாதை 11,000 அடிக்கு மேல். அதற்குச் சில மைல் முன்னால், அதே திசையில், பீட்டர் ஓ நைட் என்ற சின்ன நிலையம். பாதை சுமார் 3,500 அடி. சொந்தக்காரர்கள் சிறு விமானங்களை வைத்துப் பழகும் இடம். அதில் போய் இறங்கிவிட்டது. உள்ளே இருந்தவர் யார் தெரியுமா? மேற்காசியப் பகுதியின் அமெரிக்கப் படைகளுக்கெல்லாம் அப்போது தலைவராக இருந்த ஜெனரல் ஜேம்ஸ் மாட்டிஸ். பின்னாளில் அந்த நாட்டின் பாதுகாப்பு அமைச்சராகவும் ஆனவர். பெரிய மனிதர் ஏறியிருக்கிறார் என்பதற்காகத் தவறு ஒதுங்கி வழிவிடுவதில்லை.

இரண்டாவது 2013 நவம்பர் 20, இரவு. போயிங் 747 விமானத்தின் வயிற்றை ஊதிப் பெருக்கினாற்போல் மாற்றி அமைத்த சரக்கு விமானம். டிரீம்லிஃப்டர் என்று பெயர். புது விமானங்களின் பாகங்களை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சுமப்பதற்கென்றே செய்தது. நியூயார்க்கிலிருந்து கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரிலுள்ள மக்கானல் தளத்துக்குப் போகவேண்டும். விச்சிட்டா விமானத் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். பேட்டையில் கிட்டங்கிகள் இருப்பதுபோல் ஊரைச் சுற்றி ஓடுபாதைகள். மக்கானலுக்கு 19, அதற்கு வடக்கே சில மைல் தூரத்தில் இருக்கும் ஜபாரா நிலையத்துக்கு 18. விமானம் வடக்கிலிருந்து வந்தது. ஜபாராவில் இறங்கிவிட்டது. அங்கே பாதை 6,101 அடிதான்.

இறங்கிய பிறகு நடந்தது இன்னும் வேடிக்கை. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. மக்கானல் கோபுரத்தோடு ரேடியோவில் பேசி, முதலில் இடையில் உள்ள பீச் என்ற மூன்றாவது நிலையத்தில் இறங்கியிருப்பதாக நினைத்தார்கள். அதுவும் இல்லை, ஜபாரா என்று பிற்பாடுதான் தெளிவாயிற்று. மறுநாள் அந்தச் சின்னப் பாதையிலிருந்தே பத்திரமாகப் பறந்துபோனது.

மூன்றாவதைத்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

பிரான்சன்: 'தெரிகிறது' என்ற ஒரு சொல்

2014 ஜனவரி 12, ஞாயிறு மாலை. சௌத்வெஸ்ட் ஏர்லைன்ஸின் 737 விமானம் சிகாகோவிலிருந்து மிசௌரி மாநிலத்துப் பிரான்சன் நகருக்குப் புறப்பட்டது. பயணிகள் 124 பேர். பிரான்சன் நிலையத்து ஓடுபாதையின் எண் 14, நீளம் 7,140 அடி. அதற்குச் சுமார் ஆறேழு மைல் முன்னால் கிரஹாம் கிளார்க் என்ற சிறு நிலையம்; பாதை எண் 12, நீளம் 3,738 அடி. வானம் தெளிவாக இருந்தது. இருட்டிவிட்டது.

தலைமை விமானிக்கு அந்த ஊருக்கு அதுவே முதல் பயணம். துணை விமானி ஒரே ஒருமுறை வந்திருக்கிறார், அதுவும் பகலில். ஆனால் போகும் வழி முழுவதும் விமானத்தின் கம்ப்யூட்டரில் சரியாகப் பதிவு செய்யப்பட்டிருந்தது. அதை மட்டும் பார்த்து ஓட்டியிருந்தால் சரியான இடத்துக்குப் போயிருப்பார்கள். தரையிலுள்ள கட்டுப்பாட்டாளர் நிலையம் எந்தப் பக்கம், எத்தனை மைலில் இருக்கிறது என்று சொன்னார். விமானிகள் எட்டிப் பார்த்தார்கள். விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன. நிலையத்து அடையாள விளக்கும் சுழன்றது. 'நிலையம் கண்ணுக்குத் தெரிகிறது' என்று ரேடியோவில் சொன்னார்கள்.

இந்தச் சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. விமானத் துறையில் 'தெரிகிறது' என்று விமானி சொல்லிவிட்டால், 'அப்படியானால் கண்ணால் பார்த்தே இறங்கிக்கொள்ளுங்கள்' என்று அனுமதி கொடுத்துவிடலாம். அதன்பின் வழி கண்டுபிடிக்கும் பொறுப்பு விமானியுடையது. நம் ஊரில் லாரி ரசீதில் 'சரக்கு நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போடுவதற்குச் சமம். போட்டபின் லாரிக்காரருக்குப் பொறுப்பு விட்டது. மூட்டையை எண்ணிவிட்டுக் கையெழுத்தா, கையெழுத்துப் போட்டுவிட்டு எண்ணுவதா என்பதில் நம்மில் எத்தனை பேர் எப்படி என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். லாரி போக்குவரத்துக்கு இடைஞ்சலாக நிற்கிறது, டிரைவர் ஹாரன் அடிக்கிறார், கல்லாவில் நாலு பேர் காத்திருக்கிறார்கள் என்று பேனாவை எடுத்துவிடுகிறோம்.

விமானத்தின் சக்கரம் தரையைத் தொட்ட பிறகுதான் பாதையின் முனை பக்கத்திலேயே வந்துவிட்டது விமானிகளுக்குத் தெரிந்தது. பலங்கொண்ட மட்டும் பிரேக்கை அழுத்தினார்கள். பயணிகள் முன்னால் தள்ளப்பட்டார்கள்; ரப்பர் கருகும் வாடை வந்தது. முனைக்குச் சற்று முன்னால் விமானம் நின்றுவிட்டது. அதற்கப்பால் தரை சரிகிறது. சரிவுக்குக் கீழே நெடுஞ்சாலை. அதன் பிறகே விமானிகள் பிரான்சன் கோபுரத்தைக் கூப்பிட்டுத் தவறான நிலையத்தில் இறங்கிவிட்டோம் என்று சொன்னார்கள்.

இவர்களை அலட்சியக்காரர்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அலட்சியக்காரன் தூங்குவான், பேசிக்கொண்டிருப்பான். இவர்கள் இருவரும் ஜன்னலுக்கு வெளியே கவனமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கவனம் முழுவதும் தவறான இடத்தின் மேல் இருந்தது. கண்ணால் காண்பதும் பொய் என்று நம் பெரியவர்கள் சொன்னது கண் கெட்டவனுக்காக அல்ல. பார்ப்பதற்கு முன்பே மனம் இன்னதைத்தான் பார்க்கப் போகிறோம் என்று தீர்மானித்துவிட்டால், கண் அதற்கு ஒத்து ஊதும். பக்கத்தில் கருவி வேறு ஒன்றைக் காட்டினாலும், ஒத்துப்போன கண் கருவியின் பக்கம் திரும்பாது.

இந்தச் சம்பவத்துக்குப் பின் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விமானிகளுக்கு ஓர் எச்சரிக்கைக் குறிப்பு வெளியிட்டது. கண்ணுக்குத் தெரிகிறது என்று சொல்லும் முன் கருவியோடு ஒத்துப் பாருங்கள், இரவு நேரத்திலும் பக்கத்தில் வேறு நிலையம் உள்ள இடத்திலும் கூடுதல் கவனம் தேவை என்பதே அதன் சாரம். 2015ல் அதே வாரியம் இன்னொரு பரிந்துரையும் செய்தது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். விமானிக்குப் புத்தி சொல்வதோடு நிற்காமல், தரையில் இருக்கும் கட்டுப்பாட்டாளருக்கு ஒரு வேலை கொடுத்தது. போகும் வழியில் குழப்பம் உண்டாக்கக்கூடிய வேறு நிலையம் இருந்தால், விமானம் அதைத் தாண்டிய பிறகுதான் இறங்குவதற்கு அனுமதி கொடுக்க வேண்டும் என்றது. ஜாக்கிரதையாக இரு என்று ஆளிடம் ஆயிரம் முறை சொல்வதைவிட, வேலையின் வரிசையை மாற்றி வைப்பது பலன் தரும். எண்ணி முடித்த பிறகுதான் ரப்பர் முத்திரை மேசைக்கு வரும் என்று கடையில் ஏற்பாடு செய்துவிட்டால், பிறகு யாரையும் கடிந்துகொள்ள வேண்டியதில்லை.

நம்மவர் சம்பந்தப்பட்ட ஒன்றையும் இங்கே குறிப்பிடலாம். 2018 செப்டம்பர் 7ல் திருவனந்தபுரத்திலிருந்து மாலத்தீவுத் தலைநகர் மாலேக்குச் சென்ற ஏர் இந்தியா விமானம், நிலையத்தைச் சரியாகக் கண்டுபிடித்தது. ஆனால் பழைய ஓடுபாதைக்குப் பக்கத்தில் கட்டி முடிக்காமல் கிடந்த புதுப் பாதையில் இறங்கிவிட்டது. விமானத்தில் இருந்த 136 பேரும் பிழைத்தார்கள். தெரு சரி, வீடு தவறு என்பது போல.

எல்லோருக்கும் தெரியும், விமானிக்குத் தெரியாது

இதுவரை சொன்னவை எல்லாம் சில மைல் தூரத்துத் தவறுகள். 1995 செப்டம்பர் 5ல் நடந்தது வேறு ரகம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரிலிருந்து ஜெர்மனியின் பிராங்பர்ட் நகருக்குப் புறப்பட்ட நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் விமானம் 241 பயணிகளுடன் பெல்ஜியம் நாட்டுத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் இறங்கியது. ஊரும் வேறு, நாடும் வேறு. இரண்டுக்கும் இடையில் சுமார் 300 கிலோமீட்டர்.

வழியில் தரைக் கட்டுப்பாட்டாளர்களின் கணக்கில் அந்த விமானம் போகுமிடம் பிரஸ்ஸல்ஸ் என்று மாறிவிட்டிருந்தது. ஒருவர் அடுத்தவருக்கு அப்படியே கைமாற்றிக் கொடுத்தார்கள். அவர்கள் சொன்ன வழியில் விமானிகள் திரும்பினார்கள். இதில் ஆச்சரியம், பயணிகளுக்கு முன்னால் இருந்த திரையில் விமானம் எங்கே போகிறது என்று வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் பிரஸ்ஸல்ஸ் நெருங்குவது தெளிவாகத் தெரிந்தது. பயணிகள் பார்த்தார்கள். பணிப்பெண்களும் பார்த்தார்கள். ஏதோ காரணத்துக்காக வழி மாற்றியிருக்கிறார்கள் போலும், விமானிக்குத் தெரியாதா என்று நினைத்தார்கள். கடத்தலாக இருக்குமோ என்று பயந்தவர்களும் உண்டு. யாரும் முன்னறைக்குப் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேகத்தை விட்டு இறங்கி ஓடுபாதை தெரிந்தபோதுதான் விமானிகளுக்கு இது பிராங்பர்ட் இல்லையே என்று புரிந்தது. அந்த நிலையில் மேலே ஏறுவதைவிட இறங்குவதே மேல் என்று இறக்கிவிட்டார்கள்.

எனக்குத் தெரிந்த கடைத்தெரு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். முருகன் பெயரில் இரண்டு மளிகைக் கடைகள். ஒன்று தெருமுனையில், மற்றொன்று நான்கு கடை தள்ளி. உள்ளே இருக்கும் கடைக்கு வரவேண்டிய உளுந்து மூட்டைகளை லாரிக்காரர் முதலில் தென்பட்ட முனைக் கடையில் இறக்கினார். அந்த முதலாளியும் அன்று உளுந்து எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர்தான். கையெழுத்துப் போட்டார். மூட்டைகளை உள்ளே அடுக்கிய பையன், சாக்கில் உள்ள மார்க்கா நம்முடையது இல்லையே என்று முதல் மூட்டையிலேயே பார்த்துவிட்டான். சுமை தூக்கியவருக்கும் தெரிந்தது. இருவரும் வாய் திறக்கவில்லை. பாதி மூட்டை சில்லறையில் விற்றுத் தீர்ந்தபின், அனுப்பிய இடத்திலிருந்து பணத்துக்கு ஆள் வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு கடைக்காரர்களுக்கும் உறவு முறிந்து, சங்கத்தில் பஞ்சாயத்து வரை போயிற்று. அந்தப் பையனைக் கேட்டேன். 'முதலாளியே பார்த்துக் கையெழுத்துப் போட்டுட்டாரு அண்ணாச்சி, நான் என்னத்தச் சொல்ல?' என்றான். அதற்கு முந்தின வாரம்தான் ஏதோ கேட்டதற்காக அவன் கடை வாசலில் நாலு பேர் முன்னால் வசவு வாங்கியிருந்தான் என்பதும் பிறகு தெரிந்தது.

விமானக் கம்பெனிகள் இந்த விஷயத்தில் நிறையச் செலவு செய்து பயிற்சி கொடுக்கின்றன. துணை விமானி தலைமை விமானியைப் பார்த்து 'ஐயா, இது சரியாகப் படவில்லை' என்று சொல்லக் கற்றுக்கொடுப்பது அந்தப் பயிற்சியில் ஒரு பாதி. அப்படிச் சொன்னால் தலைமை விமானி முகம் சுளிக்காமல் கேட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுப்பது மறுபாதி. நம் கடைகளில் முதல் பாதியை மட்டும் எதிர்பார்க்கிறோம்.

காகிதமே தவறாக இருந்தால்

2019 மார்ச் 25ந் தேதி லண்டனிலிருந்து ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகருக்குப் போகவேண்டிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம், வடக்கே ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் போய் இறங்கியது. 'எடின்பரோவுக்கு வரவேற்கிறோம்' என்ற அறிவிப்பைக் கேட்டபிறகே பயணிகள் விழித்தார்கள். இதில் விமானிகள் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. பிரிட்டிஷ் ஏர்வேஸுக்காக அந்த விமானத்தை ஒப்பந்தத்தில் ஓட்டியது வேறொரு ஜெர்மன் கம்பெனி. அங்கிருந்து வந்த பயணத் தாளிலேயே எடின்பரோ என்றுதான் இருந்தது. முந்தின நாள் அதே விமானம் எடின்பரோ போய் வந்ததால், அந்தத் தாளையே மறுபடியும் கொடுத்துவிட்டதாகச் செய்திகளில் வந்தது. தாள்படி விமானி ஓட்டினார், தாள்படி கட்டுப்பாட்டாளர் வழிவிட்டார், எல்லாம் சுத்தமாக நடந்தது. சுமார் இரண்டரை மணி நேரம் கழித்து அதே விமானம் பயணிகளோடு டூசல்டார்ஃபுக்குக் கிளம்பியது.

பழைய பில்லை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றி அச்சடிக்கும் வழக்கம் கம்ப்யூட்டர் வந்தபின் நம்மிடமும் பெருகியிருக்கிறது. வாடிக்கையாளர் பெயரின் முதல் மூன்று எழுத்தைத் தட்டியதும் திரையில் வரும் பெயர்களில் மேலே இருப்பதை அழுத்திவிடுகிறார்கள். பில்லும், அதிலிருந்து எடுக்கும் இ-வே பில்லும் சுத்தமாக ஒன்றோடொன்று ஒத்துப்போகும். சரக்கு மட்டும் வேறு ஊருக்குப் போகும். இதற்குக் காகிதத்துக்கு வெளியே ஒரு சோதனை வேண்டும். அன்று லண்டனில் ஏறும் வாசலில், பயணிகள் முன்னிலையில் விமானி ஒரு தடவை ஊர்ப் பெயரை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் போதும். மூட்டை ஏற்றுமுன் வாங்குபவருக்கு ஒரு போன் போட்டு, சரக்கையும் ஊரையும் சொல்லிவிடும் பழைய மொத்த வியாபாரிகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் போன் பில் கூடுதல். திரும்பி வரும் சரக்குக்கு லாரி வாடகை மிச்சம்.

எரிவாயுத் தொட்டியில் எழுதிய எழுத்து

கடைசியாக ஒன்று. லண்டனில் ஹீத்ரோ என்ற பெரிய விமான நிலையமும், அதற்குச் சில மைல் வடக்கே நார்த்தோல்ட் என்ற விமானப்படைத் தளமும் இருக்கின்றன. ஓடுபாதைகள் பெரிதும் வித்தியாசமில்லாத திசையில் கிடப்பவை. இரண்டுக்கும் வரும் வழியில் ஒவ்வொரு பெரிய எரிவாயுத் தொட்டி நின்றது. அந்தக் காலத்தில் ஊருக்கு எரிவாயு சேமிக்க, பல மாடி உயரத்தில் இரும்பில் கட்டியவை. மேலிருந்து பார்த்தால் நல்ல அடையாளம். தொட்டியைக் கண்டால் அதையொட்டித் திரும்பி இறங்கலாம் என்று விமானிகள் பழகியிருந்தார்கள். தொட்டி இரண்டு என்பதுதான் வினை. 1960 அக்டோபரில் பான் அமெரிக்கன் கம்பெனியின் போயிங் 707 ஒன்று தொட்டி மாறி, ஹீத்ரோ என்று எண்ணி நார்த்தோல்டில் இறங்கியது. எடையைக் குறைத்துத்தான் அதை அங்கிருந்து கிளப்ப முடிந்தது.

அதற்குப் பிறகு செய்த ஏற்பாடு மிகச் சாதாரணமானது. சௌத்தால் என்ற இடத்தில் ஹீத்ரோ வழியில் நின்ற தொட்டியின் மேல் 'எல்.ஹெச்.' என்றும், ஹாரோவில் நின்ற மற்ற தொட்டியின் மேல் 'என்.ஓ.' என்றும் ஆகாயத்திலிருந்து படிக்கும் அளவுக்குப் பெரிதாகப் பெயிண்டில் எழுதிவிட்டார்கள். முன்னது லண்டன் ஹீத்ரோ, பின்னது நார்த்தோல்ட். புதுக் கருவி எதுவும் இல்லை. பெயிண்டும் ஏணியும் தூரிகையும்தான். அந்த எழுத்துகள் பல ஆண்டுகள் அங்கே நின்றன.

சாக்கில் மார்க்கா போடுவது நம் தொழிலில் தலைமுறை தலைமுறையாக உள்ளது. தகரத்தில் வெட்டிய எழுத்தட்டையை வைத்து மை தடவிப் போடுவது. இப்போது பிராண்டு பெயர் வண்ணத்தில் அச்சடித்த பிளாஸ்டிக் சாக்கு வந்துவிட்டதால், எல்லா மூட்டையும் ஒரே மாதிரி இருக்கிறது. யாருக்குப் போகிறது என்பது சாக்கில் இல்லாமல் காகிதத்தில் மட்டும் இருக்கிறது. அனுப்பும் மொத்த வியாபாரிகள் வாங்குபவரின் இரண்டெழுத்து மார்க்காவையும், ஊர்ப் பெயரையும், அதன் கீழே பின்கோடு எண்ணையும் சாக்கின் இரு பக்கமும் அழியாத மையில் போட்டு அனுப்பினால் நல்லது. ஆரணி என்று மட்டும் எழுதினால் திருவண்ணாமலை மாவட்டத்திலும் ஓர் ஆரணி உண்டு, திருவள்ளூர் மாவட்டத்திலும் ஓர் ஆரணி உண்டு. ஒன்றின் பின்கோடு 63 என்று தொடங்கும், மற்றது 60 என்று தொடங்கும். லாரி ஷெட்டில் மூட்டை பிரிக்கும் ஆளுக்கு மாவட்டம் தெரியாவிட்டாலும் இந்த இரண்டு எண்ணையும் பிரித்துப் பார்க்கத் தெரியும்.